காணிக் கச்சேரியில் என் ஆட்சேபனை

நீங்களும் என்னைப்போல எழுபதைத் தாண்டியவர்கள் என்றால், ஓரிடத்தில் இருக்க முடியாத இந்த அவதி உங்களுக்கும் இருக்கலாம். கதிரையில் இருப்பேன், எழும்புவேன், படலை வரைக்கும் போவேன், ஏன் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். வைத்தியர் இரத்த அழுத்தம் என்கிறார். மருமகள், பென்சன் எடுத்த ஆம்பிளைகள் எல்லாருக்கும் இப்படித்தான் என்கிறாள். இரண்டும் இல்லை. எனக்குக் காரணம் தெரியும். சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: என் அக்காவின் படிப்பைக் கெடுத்தவன் நான்.

பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்த காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மன்னாரில் மாதா கோயில் பள்ளிக்கூடங்களுக்குள் சனம், எடுக்கவிடமாட்டோம் என்று பாய் விரித்துக் காவல் கிடந்தது. அப்பா அப்படியான ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். மற்ற ஆசிரியர்கள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அரசாங்கச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா போடவில்லை. தான் வேலைக்குப் போகாமல் நின்றதோடு விடாமல் எங்கள் இருவரையும் மறித்துவிட்டார்.

"கேளாமல் எடுத்த பள்ளிக்கூடத்துக்கு என்ர பிள்ளையள் போகாது. நான் வீட்டிலை படிப்பிக்கிறன்."

அம்மா அடுப்படியில் நின்று கேட்டா: "சம்பளம்?"

"ஆண்டவர் தருவார்."

"அவரும் கையெழுத்து வாங்கித்தான் தருவார்போலை கிடக்கு" என்றா அம்மா.

பள்ளிமுனையில் எங்கள் வீட்டு விறாந்தைதான் வகுப்பு. சுவரில் ஒரு துணி வரைபடம் தொங்கியது. இலங்கைத்தீவு வெளிறிய பச்சையில் இருக்கும். மன்னார் மட்டும் யாரோ விரல் வைத்து வைத்துத் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. சோளகக் காற்றுக்கு வரைபடம் சுவரில் அடித்துக்கொண்டே இருக்கும். அப்பா கல்லொன்றைக் கட்டி அதன் கீழ்ப்பக்கத்தை இறக்கியிருந்தார். அந்த வரைபடம் பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. சண்டைக்காலத்தில் எத்தனையோ தடவை ஓடினோம். எந்த ஓட்டத்தில் விட்டோமோ.

எனக்கு அந்தக் காலம் சொர்க்கம். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வராது. கணக்கு வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து காலையில் பாயை விட்டு எழும்பமாட்டேன். வீட்டில் பிரம்பு இல்லை. மதியத்தோடு படிப்பு முடிந்தால் கடற்கரை. வலை காய்கிற வாசத்துக்குள் ஓடித்திரிவேன், றோட்டில் நிற்கிற கழுதைகளில் ஏறி விழுவேன். ஒரு இடத்தில் நிற்கமாட்டேன். இப்போதும் அதே கால்கள்தான். அப்போது சந்தோசத்தில் ஓடின.

அக்காவுக்கு அது சிறை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். விடியக்காலையில் எழும்பி, பள்ளிக்கூடம் போகிறவள்போலவே இரட்டைப் பின்னல் பின்னி, றிபன் கட்டி விறாந்தையில் வந்து இருப்பாள். ஒழுங்கையால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற சத்தம் கேட்டதும் எழும்பி உள்ளே போய்விடுவாள். சத்தம் ஓய்ந்த பிறகுதான் திரும்பி வருவாள். அப்பா அதை ஒரு நாளும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை அலுமாரிக்குள் தொங்கியது. வளருகிற வயது என்று கீழ் மடிப்பை அவளே பிரித்து நீட்டி வைத்திருந்தாள்.

வருட முடிவில் ஒரு சோதனை இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெயர் உள்ள பிள்ளைதான் எழுதலாம். அதை எழுதாவிட்டால் மேல்வகுப்பு இல்லை, ஒரு வருடம் போய்விடும். ஒரு வருடம் போனால் அவள் பெரிய பிள்ளையாகிவிடுவாள். பெரிய பிள்ளையானவளை எங்கள் பக்கத்தில் அந்த நாளில் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்கள். இது அம்மாவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை அந்தச் சோதனையை மட்டும் எழுதட்டன்" என்று அம்மா கேட்பா.

"கொள்கை எண்டு ஒண்டு இருக்கு."

"கொள்கைக்கு வயசு போகாது. பிள்ளைக்குப் போகும்."

அப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அரசாங்கத்தோடு கோபித்துக்கொண்ட மனுசன் எங்களுக்கு ஆர்வமாகப் படிப்பித்த பாடம் எது என்று நினைக்கிறீர்கள்? அரசாங்கம்தான். வீட்டையே பாராளுமன்றம் ஆக்கினார். தான் பிரதமர், அக்கா சபாநாயகர், நான் எதிர்க்கட்சி. அம்மாவை நிதி மந்திரியாக்கப் பார்த்தார். "சல்லி இல்லாத பெட்டிக்கு மந்திரி என்னத்துக்கு?" என்று அம்மா பதவியை மறுத்துவிட்டா. எதிர்க்கட்சிக்கு ஒரே வேலை: அப்பா எதைக் கொண்டுவந்தாலும் கையைத் தூக்கி, "எனக்கு ஆட்சேபனை உண்டு" என்று சொல்லிக் காரணமும் சொல்லவேண்டும். நல்ல காரணம் சொன்னால் பனங்கட்டித் துண்டு. "ஆட்சேபனைதான் சனத்தின்ர பலம். அதைக் கேட்டுச் செய்யிறதுதான் அரசாங்கம். பள்ளிக்கூடத்தை எடுக்கேக்கை ஆரைக் கேட்டவங்கள்?" எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் அப்பா இந்தக் கேள்வியில் கொண்டுவந்துதான் முடிப்பார். எனக்கு அது மனப்பாடம்.

ஒரு நாள் அப்பா சொன்னார்: "நாளைக்கு அரசாங்கத்தைப் பாக்கப் போறம்."

"கச்சேரிக்கோ?" என்று கேட்டேன். மன்னார் டவுனில் இருந்த கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம்தான் எனக்குத் தெரிந்த அரசாங்கம்.

"கச்சேரியிலை என்ன கிடக்கு? கதிரையும் மின்விசிறியும். அரசாங்கம் வேலை செய்யிறதைப் பாக்கவேணும். மாந்தைப் பக்கம் காணிக் கச்சேரி நடக்குது."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரசாங்கக் காணி கேட்டு விண்ணப்பித்தவர்களை அந்தப் பகுதி அதிகாரியான காரியாதிகாரி ஊருக்கே வந்து, சனத்துக்கு முன்னால் வைத்து விசாரிப்பார். குடும்பம் எத்தனை பேர், வேறு காணி இருக்கிறதா என்று கேட்பார். கடைசியில் கூட்டத்தைப் பார்த்து, "ஆருக்கும் ஆட்சேபனை உண்டோ?" என்பார். ஆட்சேபனை இல்லையென்றால் அநேகமாகக் காணி கிடைக்கும். இருந்தால் நிற்கும். அப்பாவுக்குக் காணி தேவையில்லை. அந்தக் கேள்வியை நாங்கள் காதால் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

அம்மா பிட்டும் பொரித்த மீனும் கட்டித் தந்தா. அக்கா அன்றைக்கு அலுமாரியிலிருந்து அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டிருந்தாள். அப்பா ஒரு முறை பார்த்தார். வெள்ளை வெயிலுக்கு நல்லதுதான் என்றார்.

பாலத்தைக் கடக்கும்போது பஸ்சுக்குள் உப்புக்காற்று புகுந்து கண்ணைக் கரித்தது. தண்ணீர் வற்றிய இடங்களில் சேறு வெடித்துக் கிடந்தது. நான் அந்தச் சன்னலுக்கும் இந்தச் சன்னலுக்கும் பாய்ந்துகொண்டிருந்தேன். அக்கா மடியில் கையைக் கோத்தபடி இருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. செபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் பேசப்போவதைப் பாடமாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்பா எதிர்பார்க்காத ஒன்று அங்கே இருந்தது. காணிக் கச்சேரி நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். கிடுகு வேய்ந்த நீளமான மண்டபம், அரைச்சுவர். சின்னப்பிள்ளைகளை வெளியே வேம்புக்குக் கீழே அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா பின்வரிசை மரவாங்கில் இருந்து, மேசையில் மைக்கூடு வைக்கிற குழிக்குள் விரலை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

காரியாதிகாரி வெள்ளைக் காற்சட்டை போட்ட, கண்ணாடிக்காரர். பக்கத்தில் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் நின்று ஆட்களைக் கூப்பிட்டார். வெற்றிலையும் வியர்வையும் கலந்த வாசம். முதலில் வந்தவர் வயல் வேலை செய்கிற ஒரு மனிதர்.

"பிள்ளையள் எத்தினை?"

"எட்டு, ஐயா."

"ஆருக்கும் ஆட்சேபனை உண்டோ?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அதிலை ரெண்டு தமையன்ர பிள்ளையள் ஐயா! காலமை சோறு குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தவர்!"

"சோறு குடுத்தவன்தானே தேப்பன்!" என்றார் காணி கேட்டவர். மண்டபமே சிரித்தது. காரியாதிகாரியும் சிரித்தார். அப்பா எங்கள் பக்கம் திரும்பி, "பாத்தியளோ? இதுதான். சனம் சொல்லுது, அரசாங்கம் கேக்குது" என்றார். அவருடைய கண் பளபளத்தது. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனதற்குப் பிறகு அவரை அப்படி நான் கண்டதில்லை.

அப்பா என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது அக்கா எழும்பிப் போனதை நாங்கள் இருவரும் காணவில்லை. நிமிர்ந்தபோது, காணி கேட்டு வந்த பெண்களின் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறாள்.

அவளுடைய முறை வந்தது. விதானையார் குனிந்து பார்த்தார். "பிள்ளை, கொம்மா எங்கை?"

"அம்மா வரேல்லை. நான்தான் கேக்க வந்தனான்."

"காணியோ கேக்கப் போறாய்?"

"இல்லை. பள்ளிக்கூடம்."

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். காரியாதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எந்த ஊர் பிள்ளை?"

"பள்ளிமுனை. நான் ஏழாம் வகுப்பு. என்னைப் பள்ளிக்கூடத்தாலை மறிச்சுப்போட்டினம். வருசச் சோதனை எழுதவேணும். ஐயா சொன்னா விடுவினம்."

அப்பா எழும்பி முன்னுக்குப் போனார். நான் அவருடைய சேட்டுத் தொங்கலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். காரியாதிகாரிக்கு அப்பாவைத் தெரிந்திருந்தது.

"மாஸ்டர்! உங்கடை பிள்ளையோ?"

"ஓம்."

"பள்ளிக்கூடம் விடேல்லையோ?"

"நான் வீட்டிலை படிப்பிக்கிறன்."

"இண்டைக்கு?"

"இண்டைக்கு அரசாங்கம் படிப்பிக்கக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

சனம் வெடித்துச் சிரித்தது. அப்பாவின் காது சிவந்துபோனது. காரியாதிகாரி சிரிக்கவில்லை. அவர் அக்காவைக் கேட்டார்: "அப்பா படிப்பிக்கிறது போதாதோ பிள்ளை?"

"அப்பா நல்லாப் படிப்பிப்பார், ஐயா. ஆனா அப்பாவாலை மேல்வகுப்புக்கு ஏத்தேலாது."

வெளியே வாய்ப்பாடு மட்டும் கேட்டது. காரியாதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவேண்டும் என்ற சட்டத்தைக் காட்டி அப்பாவை எல்லாருக்கும் முன்னால் வெட்கப்படுத்தியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. அவர் செய்தது பெரிய மரியாதை என்று இப்போது நினைக்கிறேன். பெரிய பிழை என்றும் நினைக்கிறேன்.

"சரி. முறையாச் செய்வம். பள்ளிக்கூடத்துக்கு நான் சொல்லிவிடுறன். சொன்னா ஒரு பிள்ளையை மட்டும் விடேலாது, தம்பியும் போகவேணும்." பிறகு கூட்டத்தைப் பார்த்து அதே குரலில் கேட்டார்: "இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போறதுக்கு ஆருக்கும் ஆட்சேபனை உண்டோ?"

"என்ன ஆட்சேபனை ஐயா, போகட்டும் பிள்ளை!" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

அப்பா குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பற்றி எத்தனை வருடம் யோசித்திருக்கிறேன்! அவர் இணங்கிவிட்டார். கொள்கையையும் விடாமல் பிள்ளையையும் பள்ளிக்கூடம் விட ஒரு வழி கிடைத்துவிட்டது. பேசாமல் நின்றால் போதும், சனம் சொன்னது என்று வீட்டில் சொல்லலாம். இன்னும் ஒரு மூச்சு நேரம் எல்லாரும் பேசாமல் இருந்திருந்தால் அக்கா படித்திருப்பாள்.

நான் கையைத் தூக்கினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுடைய முகம் மலர்ந்ததே, அதை என்னால் மறக்க முடியவில்லை. தம்பி தனக்காகப் பேசப்போகிறான் என்று நினைத்துவிட்டாள்.

"எனக்கு ஆட்சேபனை உண்டு" என்றேன்.

"என்ன காரணம்?"

அப்பா படிப்பித்தபடி, பாடப்புத்தகத் தமிழில் சொன்னேன்: "எங்களைக் கேளாமல் அரசாங்கம் பள்ளிக்கூடத்தை எடுத்தது. ஆனபடியால் நாங்கள் அங்கே போகமாட்டோம்."

மண்டபம் கைதட்டியது. "அச்சா! பொடியன் கோட்டிலை பேசுற அப்புக்காத்தா வருவான்!" என்று ஒரு கிழவர் கத்தினார். அப்பாவின் கை என் தலையில் வந்து இருந்தது. பாரமான கை. தன்னுடைய சொல்லையே மகன் எல்லாருக்கும் முன்னால் சொன்ன பிறகு அவர் எப்படிப் பேசாமல் இருப்பது? "பிள்ளை சொன்னதுதான் என்ர நிலைப்பாடும்" என்றார்.

காரியாதிகாரி கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "ஆட்சேபனை வந்தா இண்டைக்கு முடிவு சொல்லேலாது. ஒத்திவைக்கிறன். மாஸ்டர், கச்சேரிக்கு ஒருக்கா வாங்கோ, கதைப்பம்." அப்பா பிறகு அங்கே போகவேயில்லை. விதானையார் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அக்கா வரிசையை விட்டு விலகி, பின்னுக்குப் போய் அதே வாங்கில் இருந்தாள்.

நான் ஏன் கையைத் தூக்கினேன்? அப்பாவுக்காக என்று அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்குப் பின்னேரமே அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "அவள் கேட்டதை நீ என்னத்துக்கடா மறிச்சனி?" என்று கேட்டபோது சொன்னேன். அம்மா நம்பவில்லை. அடிக்கவுமில்லை. "தம்பியும் போகவேணும்" என்ற சொல்தான் காரணம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பிரம்பு கண்ணுக்குள் வந்துவிட்டது. கடற்கரை, கழுதை, பனங்கட்டி எல்லாம் போகப்போகிறது. அப்பாவின் கொள்கையை எடுத்து எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். கைதட்டல் எனக்குப் பிடித்தும் இருந்தது. திரும்பி வரும்போது அப்பா டவுனில் எனக்குச் சர்பத் வாங்கித் தந்தார். அக்கா வேண்டாம் என்றாள். அவளுடையதையும் நானே குடித்தேன்.

சோதனை வந்தது, போனது. அடுத்த வருடம் தொடக்கத்தில் அம்மாவின் காப்பையும் காசுக்கு அடைவு வைத்த பிறகு, அப்பா ஒரு காலை குளித்துச் சேட்டு மாட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவர் அதே பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனார். நான் அவருடைய சைக்கிளில் முன்னுக்கு இருந்து போனேன். அக்கா அதற்குள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். என்னுடைய வெள்ளைச் சேட்டை அவள்தான் நீலம் போட்டுத் தோய்த்துத் தருவாள். ஒரு நாளாவது ஊத்தையாக விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கணக்கு எனக்குப் பிறகு வந்தது. வீட்டில் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தது யார் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. நான் பல்கலைக்கழகம் போனேன், உத்தியோகம் பார்த்தேன். அவள் பத்தொன்பதில் கலியாணம் செய்தாள். சண்டைக்காலத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி, திரும்பி வந்து, ஒவ்வொன்றையும் படிப்பித்தாள். கடைசி வரைக்கும் அப்பாவைப் பார்த்ததும் அவள்தான். அப்பா சாகும்போது என்னைக் காட்டி, "அண்டைக்குக் காணிக் கச்சேரியிலை என்ன மாதிரிப் பேசினவன்!" என்று பார்க்க வந்தவர்களுக்குச் சொன்னார். அவருக்கு அது கடைசி வரைக்கும் பெருமை. அக்கா அவருடைய வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம்தான் எனக்கு வாய் திறந்தது. பள்ளிமுனையில் அவள் மகளோடு இருக்கிறாள். நான் போனபோது முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்டைக்கு நான் அப்பாவுக்காகச் சொல்லேல்லை."

எதைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"பள்ளிக்கூடம் போகப் பயம் எனக்கு."

"அதுவும் தெரியுமடா. எட்டாம் வாய்ப்பாட்டிலை நிண்டு முழுசுவாய்."

"மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லன்."

செதிலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "சொல்லமாட்டன்."

"ஏன்?"

"சொன்னா நீ நிம்மதியா வீட்டிலை இருந்திடுவாய். பிறகு இஞ்சாலை ஆர் வாறது?" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அண்டைக்கு நீ கையைத் தூக்காட்டி, நான் என்னவா வந்திருப்பன்?"

நான் முற்றத்தில் சிதறிய செதில்களைக் காலால் ஒதுக்கினேன்.

"யோசிச்சுக்கொண்டு வா."

அதிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை போகிறேன். ஒரு பதிலோடு போவேன். டொக்டர் என்றேன். "ரத்தம் கண்டா எனக்குத் தலை சுத்தும்" என்றாள். நீதவான் என்றேன். "உன்னை முதல் மறியல்சாலைக்கை போட்டிருப்பன்" என்றாள். கன்னியாஸ்திரி மடத்துத் தாயார் என்றபோது மகளைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறாள். நானும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டு வருவேன். வந்து கதிரையில் இருக்க முடியாமல் படலைக்கும் வாசலுக்கும் நடப்பேன்.

போன கிழமை, "டீச்சர்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த மீனைத் திருப்பினாள், பிறகு மறுபடியும் திருப்பினாள்.

"அது வேண்டாம்" என்றாள். "வேறை ஏதும் சொல்லு."